கவனம் திரும்பினால் வலி பொய்யாகிவிடுமா?

1845ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வங்காளத்தின் ஹூக்ளி நகரில் சிறைக்கைதி ஒருவர் மருத்துவமனைக்கு அழைத்துவரப்பட்டார். இரு பக்கமும் விரைவீக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான ஜேம்ஸ் எஸ்டெயில் ஒரு பக்கத்துக்கு அந்நாளைய சிகிச்சையைச் செய்தார். நீரை வடித்துவிட்டு, எரிச்சலூட்டும் மருந்தை உள்ளே செலுத்துவதே அம்முறை. கைதி வலியால் துடித்தார். பாஸ்டன் நகரில் ஈதரைக் கொண்டு அறுவை சிகிச்சை பலர் அறியச் செய்துகாட்டப்பட்டது 1846 அக்டோபரில்தான். ஆகவே ஹூக்ளியில் வலியைப் போக்க அப்போது எஸ்டெயிலிடம் பெரிதாக எதுவும் இல்லை. ஐரோப்பாவில் பேசப்பட்டுவந்த மெஸ்மரிசம் பற்றி அவர் படித்திருந்தார், நேரில் பார்த்ததில்லை. துடித்துக்கொண்டிருந்த மனிதர்மேல் அதை முயன்று பார்த்தார். கைகளை உடலுக்கு மேலே தொடாமல் மெல்ல நகர்த்திக்கொண்டே இருப்பது அதன் செய்முறை. நெடுநேரத்துக்குப் பின் கைதி அசைவற்ற நிலைக்குச் சென்றார். ஊசியால் குத்தியும் நெருப்பைக் காட்டியும் பார்த்தபோது அவரிடம் எதிர்வினை இல்லை என்று எஸ்டெயில் பதிவுசெய்தார்.

அடுத்த சில மாதங்களில் ஹூக்ளியில் இம்முறையில் அறுவை சிகிச்சைகள் தொடர்ந்தன. யானைக்கால் நோயால் பெருத்த விரைக்கட்டிகளை அகற்றுவது அவற்றில் முக்கியமானது. நோயாளிகள் பெரும்பாலும் ஏழைகள், கைதிகள், கூலிகள். கைகளை மணிக்கணக்கில் நகர்த்தும் வேலையை எஸ்டெயில் விரைவிலேயே விட்டுவிட்டார்; மருத்துவமனையின் இந்திய உதவியாளர்களான இந்து, முஸ்லிம் இளைஞர்களிடம் அது ஒப்படைக்கப்பட்டது. 1846இல் அவர் எழுதிய ‘இந்தியாவில் மெஸ்மரிசம்’ என்ற நூலில் வலியற்ற அறுவைகளாக எழுபதுக்கும் மேற்பட்டவை பட்டியலிடப்பட்டுள்ளன. அதே ஆண்டு வங்காள அரசு ஒரு குழுவை அமைத்தது. குழுவின் முன்னிலையில் கல்கத்தாவில் அறுவைகள் நடந்தன. சில நோயாளிகள் சலனமே இல்லாமல் கிடந்தனர். வேறு சிலருக்குக் கைகள் வெட்டி இழுத்தன, உடல் நெளிந்தது, வெளியே வராத வேதனை உறைந்ததுபோல் முகம் கோணியது. விழித்த பின் கேட்டபோதோ அவர்களும் வலி தெரியவில்லை என்றே சொன்னார்கள்.

வலி ஆய்வின் வரலாற்றில் இதைவிடத் தர்மசங்கடமான காட்சி அரிது. உடல் ஒன்றைக் காட்டுகிறது. உடலுக்கு உரியவர் வேறொன்றைச் சொல்கிறார். யாரை நம்புவது? அன்றைய கல்கத்தாவிலும் லண்டனிலும் எஸ்டெயிலை எதிர்த்த மருத்துவர்களுக்கு விடை எளிதாகவே கிடைத்தது. நோயாளிகள் நடிக்கிறார்கள், வெள்ளைக்கார துரையை மகிழ்விக்கப் பொய் சொல்கிறார்கள். எஸ்டெயிலின் விடையும் கௌரவமானதன்று. வங்காளிகள் நலிந்த நரம்புகளும் பணிந்துபோகும் இயல்பும் கொண்டவர்கள்; அதனாலேயே இம்முறைக்கு எளிதில் வசப்படுகிறார்கள் என்பது அவர் கருத்து. ஒரு தரப்பு நோயாளியின் சொல்லை நம்பவில்லை. மறுதரப்பு சொல்லை நம்பியது, சொன்ன மனிதரை மதிக்கவில்லை. வரலாற்றாசிரியர் அலிசன் விண்டர் விக்டோரியா காலத்து மெஸ்மரிசம் பற்றிய தமது நூலில் இந்த வங்காள அத்தியாயத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மயக்க மருந்தின் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக மட்டும் இதைப் படித்துவிட்டுக் கடந்துபோகும் மாணவர்கள் அந்நூலை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

1846 நவம்பரில் கல்கத்தாவில் ஓராண்டுக்கால மெஸ்மரிச மருத்துவமனையும் திறக்கப்பட்டது. ஆனால் அதற்குள் ஈதர் வந்துவிட்டது. 1847 இறுதியில் குளோரோஃபார்மும் வந்தது. மணிக்கணக்கில் கையசைக்க ஆள் தேவையில்லை. ஒரு துணியும் சில துளிகளும் போதும். மெஸ்மரிசம் ஒதுக்கப்பட்டதற்கு அது பொய்யென்று நிறுவப்பட்டது காரணமன்று, வேகமான மாற்று கிடைத்ததே காரணம். எஸ்டெயில் பேசிய காந்தப் பாய்மம் என்ற விளக்கம் தவறு என்பதில் ஐயமில்லை. அதை 1843லேயே ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சொல்லிவிட்டார். உடலிலிருந்து உடலுக்கு எதுவும் பாய்வதில்லை, கவனம் ஒரு புள்ளியில் நிலைகுத்தி நிற்பதே இந்நிலைக்குக் காரணம் என்பது அவர் வாதம். ஹிப்னாடிசம் என்ற பெயர் அவரது நூலின் வழியாகவே பரவியது. விளக்கம் மாறிவிட்டது, நிகழ்வோ விளக்கத்துக்குக் காத்திருந்தது.

அந்தக் காத்திருப்பு நூற்றிருபது ஆண்டுகள் நீண்டது. வலி என்பது காயத்திலிருந்து மூளைக்குச் செல்லும் தந்திச் செய்தி என்ற எண்ணம் மருத்துவப் பாடங்களில் வேரூன்றியிருந்தது. காயம் பெரிதானால் செய்தியும் பெரிது. இந்தக் கணக்கில் கவனத்துக்கு இடமில்லை. 1965இல் ரொனால்டு மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட வாயில் கோட்பாடு அதை உடைத்தது. தண்டுவடத்தின் பின்கொம்பில் ஒரு வாயில் இருக்கிறது. கீழிருந்து வரும் சமிக்ஞைகளை அது அப்படியே மேலே விடுவதில்லை. மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டளைகள் அதைத் திறக்கவும் மூடவும் வல்லவை என்றனர். அவர்கள் வரைந்த நரம்புச் சுற்று விவரங்களில் பல பின்னர் திருத்தப்பட்டன. ஆனால் மேலிருந்து கீழே வரும் பாதை உண்டு என்ற மையக் கருத்து நிலைத்துவிட்டது. நான்கே ஆண்டுகளில் டேவிட் ரெனால்ட்ஸ் எலியின் நடுமூளையில் குறிப்பிட்ட சாம்பல்நிறப் பகுதியை மின்னால் தூண்டி, வேறு மயக்க மருந்தின்றி அதன் வயிற்றில் அறுவை செய்துகாட்டினார்.

மனிதர்களிடம் அதே பகுதி என்ன செய்கிறது என்பதை ஆக்ஸ்ஃபோர்டில் ஐரீன் டிரேசியும் உடன் பணியாற்றியோரும் 2002இல் மூளைப் படமெடுத்துக் காட்டினர். தோலில் வெப்பம் வைக்கப்பட்டது. வலியைக் கவனிக்குமாறு சில வேளைகளிலும், வேறெதையாவது நினைக்குமாறு சில வேளைகளிலும் பங்கேற்பாளர்களுக்குச் சொல்லப்பட்டது. எண்ணத்தை வேறுபக்கம் செலுத்தியபோது வலி குறைந்ததாகச் சொன்னார்கள். நடுமூளையின் அந்தச் சாம்பல்நிறப் பகுதி அவ்வேளைகளில் கூடுதலாக இயங்கியது.

இதைவிட அழுத்தமான சான்று ஹாம்பர்க்கிலிருந்து 2012இல் வந்தது. கிறிஸ்டியான் ஸ்ப்ரெங்கரும் சகாக்களும் மூளையை விட்டுவிட்டுத் தண்டுவடத்தைப் படமெடுத்தனர். கையில் வலிதரும் வெப்பம் படும்போதே பங்கேற்பாளர் ஒரு நினைவுப் பயிற்சியைச் செய்யவேண்டும். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். இப்போது வருவது சற்று முன்னர் வந்த எழுத்துதானா என்று சொல்லவேண்டும். பயிற்சி எளிதாக இருந்தபோது வலி கூடுதல். கடினமாக இருந்தபோது வலி குறைவு. தண்டுவடத்தின் பின்கொம்பில், கையின் நரம்புகள் வந்து சேரும் இடத்திலேயே, எதிர்வினையும் அதற்கேற்பக் குறைந்திருந்தது. ஓபியாய்டு வேதிப்பொருள்களைத் தடுக்கும் நாலோக்சோனைச் செலுத்திப் பார்த்தபோது, கவனத் திருப்பம் தந்த நிவாரணத்தில் கணிசமான பகுதி காணாமல் போயிற்று.

இந்த முடிவின் பொருளை நிதானமாக எண்ணிப்பார்க்க வேண்டும். கடினமான மனக்கணக்கில் ஆழ்ந்திருப்பவரின் உடல் தனக்குத் தானே மருந்து சுரக்கிறது. அம்மருந்து, செய்தி மூளைக்கு ஏறுவதற்கு முன்பே தண்டுவடத்தில் அதைத் தணிக்கிறது. வலி இருக்கிறது, மனிதர் கவனிக்கவில்லை என்பதல்ல நடப்பது. வலியை ஆக்கும் நிகழ்ச்சியே மாறிவிடுகிறது.

இங்கிருந்துதான் பொது வழக்கில் இரண்டு தவறான முடிவுகள் கிளைக்கின்றன. இந்திய மருத்துவமனைகளில் இரண்டும் அன்றாடம் செயல்படுகின்றன. முதலாவது: பேச்சுக் கொடுத்தால் குறைகிற வலி உண்மையான வலியாக இருக்க முடியாது என்பது. வார்டில் கைபேசி பார்த்துக்கொண்டிருந்த நோயாளி மருத்துவர் வந்ததும் முனகினால், அது நாடகம் என்று குறித்துக்கொள்ளும் கண்கள் உண்டு. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது குறைந்திருந்ததும் உண்மை, திரையை விட்டுத் தன் உடலை நோக்கித் திரும்பியதும் கூடியதும் உண்மை என்பதற்கு ஹாம்பர்க் ஆய்வே சாட்சி. மார்ஃபீனால் குறையும் வலியைப் பொய்யென்று எவரும் சொல்வதில்லை; உடல் தானே சுரக்கும் ஓபியாய்டால் குறைவதை மட்டும் பொய்யென்பது என்ன தர்க்கம்?

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979இல் வகுத்த வரையறையை 2020இல் திருத்தியது. வலி என்பது திசுச் சேதத்தோடு தொடர்புடைய, அல்லது அதை ஒத்த, இன்னாத புலனுணர்வும் உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்பது திருத்தத்தின் சாரம். ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அச்சொல் மதிக்கப்படவேண்டும் என்ற குறிப்பும் அதனுடன் இணைந்திருக்கிறது. மருத்துவப் படிப்பில் இந்த வரையறை தேர்வு வினாவாக வருகிறது, குறிப்பு வருவதில்லை.

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. நல்லெண்ணம் கொண்டவர்களிடமும் காணப்படுவது. கவனத் திருப்பம் வேலை செய்கிறது, செலவும் இல்லை; எனவே மருந்து இல்லாத இடத்தில் அதுவே போதும் என்பது. இதை மறுக்கும்முன் அதன் வலிமையை ஒப்புக்கொள்வது நேர்மை. சியாட்டிலில் ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காய நோயாளிகளுக்காக உருவாக்கிய ‘ஸ்னோ வேர்ல்டு’ என்ற மெய்நிகர் உலகம் இன்று பாடநூல் உதாரணம். புண்ணின் கட்டை அவிழ்த்துக் கழுவும்போது, நோயாளி தலைக்கவசத் திரையில் பனிப் பள்ளத்தாக்கு ஒன்றில் மிதந்தபடி பனிமனிதர்கள்மேல் பனியுருண்டை எறிந்துகொண்டிருப்பார். 2000ஆம் ஆண்டு வெளியான முதற்கட்டுரையில் இரு பதின்வயதினர். சாதாரண வீடியோ விளையாட்டைவிட மெய்நிகர் உலகில் அவர்களுடைய வலி வெகுவாகக் குறைந்தது. பின்வந்த ஆய்வுகளும் அதே திசையில் சென்றன. ஆனால் பாடநூல்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. அந்நோயாளிகளுக்கு வழக்கமான வலிமருந்தும் தரப்பட்டிருந்தது. பனியுலகம் மருந்தோடு சேர்ந்து வந்தது. மருந்துக்குப் பதிலாக வரவில்லை.

வலியின் தன்மையே கவனத்தைப் பறிப்பது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கிறிஸ் எக்கிள்ஸ்டனும் கீர்ட் கிராம்பெஸும் 1999இல் எழுதிய கட்டுரை வலியை ஒரு குறுக்கீடாகப் பார்த்தது. செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்து, இதைக் கவனி என்று உத்தரவிடுவதே வலியின் பணி. புதிய வலி, எதிர்பாராத வலி, அச்சம் தரும் வலி எளிதில் குறுக்கிடும். அப்படியானால் கவனத்தைத் திருப்புவது ஒரு போட்டி; போட்டியில் வெல்ல மறுபக்கத்தில் வலுவான ஒன்று வேண்டும். கடினமான பயிற்சிக்குப் பலன் இருந்தது, எளியதற்கு அவ்வளவு இல்லை என்ற ஹாம்பர்க் முடிவின் உட்பொருளும் இதுவே. தூக்கமின்றி, பசியோடு, அடுத்த நாள் கூலி போய்விடுமே என்ற கவலையோடு அரசு மருத்துவமனை நடைக்கூடத்தில் காத்திருப்பவரிடம் போட்டிக்கு மிச்சமிருக்கும் கவனம் எவ்வளவு? கவனம் எல்லாருக்கும் சமமாக வழங்கப்பட்ட செல்வமன்று.

நாட்பட்ட வலியில் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. 1993இல் டெலியா சியோஃபியும் ஜேம்ஸ் ஹாலோவேயும் பங்கேற்பாளர்களின் கையைப் பனிநீரில் வைக்கச் செய்து, சிலரை உணர்வை உற்று நோக்கவும், சிலரை வேறொன்றை எண்ணவும், சிலரை வலியின் எண்ணத்தையே அடக்கவும் சொன்னார்கள். கையை எடுத்தபின் வலி மிக மெதுவாகத் தணிந்தது அடக்கியவர்களுக்கு. விரைவாகத் தணிந்தது உற்று நோக்கியவர்களுக்கு. 2004இல் பெல்ஜியத்தில் நாட்பட்ட முதுகுவலி உடையவர்களிடம் லீஸ்பெத் கூபெர்ட்டும் சகாக்களும் நடத்திய ஆய்வில், வலிதரும் வேலையின்போது கவனத்தைத் திருப்பியவர்களுக்கு வேலை முடிந்தபின் வலி அதிகமாக இருந்தது. ஊசி போடும் பத்து விநாடியில் குழந்தைக்குக் காக்கையைக் காட்டும் செவிலியரின் உத்தி, பத்தாண்டு முதுகுவலிக்குச் செல்லாது. ‘எதிலாவது மனசைச் செலுத்துங்கள், சரியாகிவிடும்’ என்று நாட்பட்ட நோயாளியிடம் சொல்லப்படும் அறிவுரை பெரும்பாலும் அக்கறையுடன் சொல்லப்படுவதே. ஆனால் அது அந்த நோயாளியின்மேல் இரண்டாவதாக ஒரு தோல்வியைச் சுமத்துகிறது: வலிக்கிறது, அதோடு மனத்தைத் திருப்பவும் தெரியவில்லை.

பாடநூல்கள் கவனத் திருப்பத்துக்கு எடுத்துக்காட்டாகத் தவறாமல் தரும் இன்னொரு நிகழ்வும் இங்கே திருத்தம் பெறவேண்டியது. இத்தாலியின் ஆன்ஸியோ போர்முனையில் ஹென்றி பீச்சர் கண்ட படைவீரர்கள் அவர்கள். கடுங்காயம் பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வலிமருந்து வேண்டாம் என்றார்கள். 1946இல் பீச்சர் இதை வெளியிட்டார். போரின் ஆரவாரத்தில் கவனம் சிதறியிருந்தது என்று எளிதாக எழுதிவிடுகிறார்கள். பீச்சர் சொன்னது அதுவன்று. அவர்கள் தெளிந்த நினைவோடு இருந்தார்கள். இரத்த நாளத்தில் ஊசியைத் தடுமாறிக் குத்தினால் யாரையும்போல் முறையிட்டார்கள். காயம் அவர்களுக்கு வீட்டுக்குத் திரும்பும் சீட்டாக இருந்தது என்பது அவர் விளக்கம். அதாவது கவனத்தைவிடப் பொருள் முக்கியம். காயம் எதைக் குறிக்கிறது என்பதே அது எவ்வளவு கவனத்தைக் கோரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

வலியிலிருந்து விலகுவதற்கு நேரெதிரான வழியும் இந்திய மரபில் தொன்மையானது. பௌத்த நிகாயங்களில் வரும் இரு அம்புகளின் உவமை அறிஞர்கள் அறிந்ததே: உடலில் தைக்கும் அம்பு ஒன்று, அதைக் குறித்த புலம்பல் மனத்தில் தைப்பது மற்றொன்று. பயிற்சி பெற்றவருக்கு முதல் அம்பு மட்டுமே. பர்மாவில் வணிகராக இருந்த எஸ். என். கோயங்கா ஒற்றைத் தலைவலிக்கு நிவாரணம் தேடியே 1955இல் ஊ பா கின்னிடம் சென்றார். 1969இல் இந்தியாவுக்கு வந்து, பின்னர் மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் மையம் அமைத்தார். அங்கு பயில்வோர் ஒரு மணிநேரம் அசையாமல் அமர்ந்து, முழங்காலில் எரியும் வலியை விட்டு ஓடாமல், விரும்பாமல் வெறுக்காமல் நோக்கவேண்டும். 1979இல் மாசசூசெட்ஸில் ஜான் கபட்–ஸின் தொடங்கிய மருத்துவமனைத் திட்டம் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. நாட்பட்ட வலியுடையோரே அதன் முதல் பயனாளிகளில் பலர். உணர்வை நேராக நோக்குவதால் வலியின் செறிவு குறைகிறதா, அதன்மீதான வெறுப்பு மட்டும் குறைகிறதா என்பது நல்ல கேள்வி. ஹிப்னாடிசம் குறித்து 1997இல் பியர் ரென்வில் குழு, செறிவு மாறாமல் இன்னாமையை மட்டும் மாற்ற முடியும் என்று காட்டியது. தியானம் தரும் நிவாரணம் ஓபியாய்டு வழியாக வருவதில்லை என்று 2016இல் ஃபாடல் ஸெய்டான் குழு நாலோக்சோன் கொண்டு வாதிட்டது. அதே ஆண்டு இன்னொரு குழு மாறான முடிவை வெளியிட்டது. வழக்கு முடியவில்லை.

ஆனால் இவ்விவாதத்தில் ஒரு வேறுபாட்டைத் தவறவிடக் கூடாது. இகத்புரிக்குப் போகிறவர் தாமே விரும்பிப் பத்து நாள் விடுப்பெடுத்துப் போகிறார், வேண்டாமென்றால் எழுந்துவிடலாம். ஹூக்ளியின் கைதியிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. கவனப் பயிற்சி, விரும்பி ஏற்பவர் கையில் ஒரு திறன். மற்றொருவர் மேலிருந்து திணிக்கும்போது அதுவே கட்டளை. பழந்தமிழில் ‘வலி’ என்ற சொல்லுக்கு வலிமை என்று பொருள். திருக்குறளில் வலியறிதல் என ஓர் அதிகாரமே உண்டு. இன்று அச்சொல் வேதனையைச் சுட்டுகிறது. ஆயினும் பழைய பொருள் முற்றாக மறையவில்லை. தாங்கிக்கொள்வதை வலிமை என்று போற்றும் பழக்கத்தில் அது ஒளிந்திருக்கிறது. தாங்கச் சொல்பவர் யார், தாங்குபவர் யார் என்று கேட்டால் பட்டியல் ஹூக்ளியின் பட்டியலிலிருந்து வெகுதூரம் விலகியிராது.

மருந்தின் நிலையைப் பார்க்கலாம். அரசு உரிமத்துடன் அபினிப்பயிர் விளைவிக்கும் மிகச் சில நாடுகளில் இந்தியா ஒன்று. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச வயல்களில் அது விளைகிறது. அதே நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மார்ஃபீனை மருத்துவமனை அலமாரிகளிலிருந்து கிட்டத்தட்ட விரட்டியது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு உரிம நடைமுறை எளிதாக்கப்பட்டது. எனினும் 2017இல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கையின்படி, தீவிர வேதனையைப் போக்கத் தேவையான ஓபியாய்டு அளவில் இந்தியாவில் கிடைத்தது சுமார் 4 விழுக்காடு. இந்தப் பின்னணியில் ‘மனத்தைத் திருப்புங்கள்’ என்பது நரம்பியல் அறிவுரையாக ஒலிப்பதில்லை. இல்லாமைக்குப் பூசப்படும் மெருகாக ஒலிக்கிறது.

கேரளம் வேறு பாதை கண்டது. 1993இல் கோழிக்கோட்டில் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தோழர்களும் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, பின்னர் அக்கம்பக்கத் தன்னார்வலர்களின் வலைப்பின்னலாக விரிந்தது. 2008இல் மாநில அரசு தனிக்கொள்கை வகுத்தது. அங்கே மார்ஃபீனும் உண்டு. வீட்டுக்கு வந்து கட்டிலருகே உட்காரும் மனிதர்களும் உண்டு. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாக நிறுத்தப்படவில்லை. மாத்திரை வலியைத் தணித்த பிறகே நோயாளிக்குப் பேரனின் பேச்சில் மனம் செல்கிறது என்பதை அங்கு பணியாற்றியோர் ஆய்வுக்கூடம் இல்லாமலேயே கண்டிருப்பார்கள். கவனம் விடுதலை பெறுவதற்கும் சிறிது மருந்து வேண்டியிருக்கிறது.

கடைசியாகப் பிரசவ அறை. பெருந்திரளான இந்தியப் பெண்கள் மருந்தேதுமின்றிக் கடக்கும் கடும்வலி அது. பிரசவத்தின்போது ஒருவர் தொடர்ந்து உடனிருப்பதன் பலனை ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு 2017இல் புதுப்பிக்கப்பட்டது. 15,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற ஆய்வுகள் அதில் அடக்கம். துணை உடனிருந்த பெண்கள் வலிமருந்தை நாடுவது குறைந்தது. அறுவைப் பிரசவம் குறைந்தது. பிரசவத்தைக் கசப்பான அனுபவமாக நினைவுகூர்வதும் குறைந்தது. கையைப் பிடித்துக்கொள்ளும் தாயோ அக்காளோ வெறும் கவனத் திருப்பம் அல்லர். அச்சத்தைக் குறைக்கிறார்கள், நடப்பதற்குப் பொருள் சொல்கிறார்கள், வலி சொல்லப்படும்போது கேட்கிறார்கள். மேலே பேசப்பட்ட ஆய்வுகள் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தவை இவர்களிடம் ஒன்றாக இருக்கின்றன. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004இலேயே பிரசவத் துணைக்கு இடம் தரப்பட்டது. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் நாடு முழுவதுக்கும் அனுமதி அறிவித்தது.

அறிவிப்புக்கும் அறைக்கும் நடுவே இருப்பது ஆய்வு மாணவர்கள் நேரில் சென்று பார்க்கத்தக்கது. முனகினால் அதட்டல் விழும் அறைகள் உண்டு. அங்கே பெண்ணின் கவனம் வலியிலிருந்து திரும்புவதில்லை, வலியோடு பயமும் சேர்ந்துகொள்கிறது. வலி ஆய்வின் மொழியில் அது அச்சுறுத்தலைக் கூட்டிக் குறுக்கீட்டை வலுப்படுத்துவது. வழக்கு மொழியில் அதற்கு வேறு பெயர்கள் உண்டு. பல இடங்களில் துணையை உள்ளே விடாததற்குச் சொல்லப்படும் காரணம் எளிமையானது: ஒரே கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள், ஒரு பெண்ணின் துணை உள்ளே வந்தால் மற்றப் பெண்களின் மறைவு போய்விடும், கட்டில்களுக்கு இடையே திரைச்சீலை இல்லை.